சர்க்கரைச் சிலை முன்னால் செல்ஃபி: தப்பு யார் மேல?

2014-ம் ஆண்டு கோடைக்காலம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இடிக்கப்படக் காத்திருந்த ஒரு பழைய சர்க்கரை ஆலைக்கு வெளியே வார இறுதிதோறும் நீண்ட வரிசை நின்றது. உள்ளே 35 அடி உயரம், 75 அடி நீளத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் சிலை. உடல் முழுக்க வெள்ளைச் சர்க்கரை.

அடிமைமுறையின் வரலாற்றைப் பேசுவதற்காக வைக்கப்பட்ட சிலை அது. ஆனால், பார்க்க வந்தவர்களில் சிலர் செய்தது வேறு. சிலையின் மார்பைக் கிள்ளுவது போலவும், பின்புறத்தைத் தொட்டுத் தடவுவது போலவும் கோணம் பார்த்து நின்று போட்டோ எடுத்தார்கள். சிரித்தபடியே இன்ஸ்டாகிராமில் போட்டார்கள்.

அதே கூடத்தில், அதே நேரத்தில், அந்தச் சிலையில் தன் பாட்டியின் பாட்டியைப் பார்த்துக் கண் கலங்கி நின்றவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நின்றபோது கிளம்பிய சண்டை, இன்றுவரை முழுதாக ஓயவில்லை.

"சும்மா ஒரு போட்டோதானே, இதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அருங்காட்சியகம், நினைவிடம், பழைய கோட்டை என்று எங்கே போனாலும் நம்ம கை முதலில் போவது போனுக்குத்தான். அதனால், பத்தாண்டுகளுக்கு மேல் பழைய இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அது என்ன கண்காட்சி?

சிலையை உருவாக்கியவர் காரா வாக்கர். 1969-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த கறுப்பின ஓவியர். 13 வயதில் குடும்பத்தோடு தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அடிமைமுறை ஆழமாக வேரோடியிருந்த மண் அது.

கறுப்புக் காகிதத்தை வெட்டி வெள்ளைச் சுவரில் ஒட்டும் நிழலுருவப் படங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தக்காலக் கதைப்புத்தகப் படம் மாதிரி அழகாக இருக்கும். கிட்டே போனால் அடி, உதை, வன்புணர்வு, கொலை. 1997-ல், 27 வயதிலேயே மெக்ஆர்தர் அறக்கட்டளையின் புகழ்பெற்ற விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய முதல் பெரிய பொதுவெளிக் கலைப்படைப்பு இந்தச் சர்க்கரைச் சிலை. பொது இடங்களில் கலைப் படைப்புகளை வைக்கும் 'க்ரியேட்டிவ் டைம்' என்ற அமைப்பு இதற்கு ஏற்பாடு செய்தது. இடம், ஈஸ்ட் ரிவர் ஆற்றங்கரையில் இருந்த டொமினோ சர்க்கரை ஆலையின் பழைய கிடங்கு. 2014 மே 10 முதல் ஜூலை 6 வரை, வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மட்டும் திறந்திருந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1.3 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்தார்கள்.

சிலையின் உள்ளே இருந்தது நம்ம ஊர் தெர்மாகோல் மாதிரியான பாலிஸ்டைரீன் கட்டிகள். அதன் மேல்தான் சர்க்கரைப் பூச்சு. பல பத்து டன் சர்க்கரையை டொமினோ நிறுவனமே நன்கொடையாகத் தந்தது. எகிப்தின் ஸ்பிங்க்ஸ் போல முன்னங்கைகளை நீட்டிப் படுத்திருக்கும் பெண். தலையில் முடிச்சுப் போட்ட துணி. உடலில் வேறு துணி இல்லை. இடது கையில், கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைத்து மூடிய முஷ்டி. சில நாடுகளில் அந்தச் சைகைக்குக் 'கண் படாமல் இருக்கட்டும்' என்று பொருள். வேறு சில நாடுகளில் அது ஆபாசமான வசை.

சிலைக்கு முன்னால், கூடம் முழுக்கச் சிறுவர்களின் சிலைகள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூடை சுமந்தும் வாழைத்தாரைத் தூக்கியும் நின்ற அந்தச் சிறுவர்களுக்கு மாதிரி, கடைகளில் விற்கும் சின்ன அலங்காரப் பொம்மைகள். சில சிலைகள் முழுக்கச் சர்க்கரையில் வார்க்கப்பட்டவை. மற்றவை பிசினில் செய்து மொலாசஸ் பாகு பூசப்பட்டவை. கோடை வெயில் ஏற ஏற, சர்க்கரைச் சிறுவர்கள் உருகினார்கள். கை விழுந்தது, உடம்பு சாய்ந்தது, தரையில் அரக்கு நிறத்தில் பாகு தேங்கியது. உடைந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கி, இன்னும் நின்றுகொண்டிருந்த சிறுவர்களின் கூடைகளில் போட்டார்கள். கண்காட்சி நடந்த நாட்கள் முழுக்க இதுவும் அதன் பகுதியாகவே நடந்தது.

எல்லாம் சரி, ஏன் சர்க்கரை?

அமெரிக்கக் கண்டங்களுக்கு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுபோனதற்கு மிகப்பெரிய ஒற்றைக் காரணம் கரும்புதான்.

16-ம் நூற்றாண்டில் இருந்து 19-ம் நூற்றாண்டு வரை சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கடல் தாண்டுவதற்காகக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடிப் பேர். இவர்களில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேரடியாக வந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் மட்டுமே. பெரும்பாலானவர்கள் இறக்கப்பட்ட இடங்கள் பிரேசிலும் கரீபியன் தீவுகளும். இரண்டும் கரும்பு பூமி.

கரும்புத் தோட்ட வேலை ஆளைத் தின்னும் வேலை. வெட்டிய கரும்பை உடனே பிழிய வேண்டும், பிழிந்த சாற்றை உடனே காய்ச்ச வேண்டும். அறுவடைக் காலத்தில் ராத்திரி பகல் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் ஆலை உருளையில் கை சிக்கினால், கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்திலேயே ஒரு வெட்டுக்கத்தி வைத்திருந்தார்கள்.

புரூக்ளின் ஆலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஹேவ்மேயர் குடும்பம் அங்கே ஆலை தொடங்கியது 1856-ல். கச்சாச் சர்க்கரை கியூபா போன்ற இடங்களில் இருந்து கப்பலில் வந்து இறங்கியது. கியூபாவில் அடிமைமுறை முழுதாக ஒழிந்ததோ 1886-ல்தான். அதாவது, ஆலையின் முதல் 30 ஆண்டுகளில் அங்கே வெளுக்கப்பட்ட சர்க்கரையில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்தது.

'வெளுப்பது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கரும்பில் இருந்து வரும் கச்சாச் சர்க்கரை பழுப்பு நிறம். அதைக் கரைத்து, எலும்புக் கரியில் வடிகட்டி, நிறத்தை எடுத்து, வெள்ளையாக்குவதுதான் ஆலையின் வேலை. தமிழில் இதைச் சுத்திகரிப்பு என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'சுத்தம்' இருக்கிறது. பழுப்பு என்றால் அழுக்கு, வெள்ளை என்றால் சுத்தம். ஒரு உணவுப் பொருளைப் பற்றிய இந்த எண்ணம் மனிதத் தோல் வரைக்கும் எப்படி நீண்டது என்பதைத்தான் வாக்கர் காட்டினார். பழுப்பு நிறப் பாகில் வேலைக்காரச் சிறுவர்கள், வெள்ளைச் சர்க்கரையில் ஒரு கறுப்பினப் பெண். விளக்கக் கட்டுரை எதுவும் தேவையே இல்லை, பொருளே பேசுகிறது.

படைப்பின் பெயரிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 'எ சட்டில்ட்டி' என்று தொடங்கும் நீளமான பெயர் அது. நுட்பம் என்று பொருள். மத்தியகால ஐரோப்பாவில் அரசர்கள், பிரபுக்களின் விருந்துகளில் சர்க்கரையில் செய்து மேசையில் வைத்த அலங்காரச் சிலைகளுக்கும் அதே பெயர்தான். சர்க்கரை தங்கம் மாதிரி அரிதாக இருந்த காலத்தில், 'எங்கிட்ட எவ்வளவு இருக்கு பார்' என்று காட்டுவதற்கான பண்டம். பெயரின் மீதிப் பகுதி, கரும்புக் காட்டில் இருந்து சமையலறை வரை கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு மரியாதை செலுத்துகிறது.

'மேமி' யார்?

தலைத்துணி கட்டிய இந்த உருவம் அமெரிக்கர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. 'மேமி' என்பார்கள். நம்ம ஊர் மாமி இல்லை. வெள்ளைக்கார வீட்டில் சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, எப்போதும் சிரித்த முகமாக, எஜமானருக்கு விசுவாசமாக இருக்கும் குண்டான கறுப்பினப் பெண். இது வெள்ளையர் சமூகம் உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். 'எங்கள் வீட்டு அடிமை சந்தோஷமாகத்தான் இருந்தாள்' என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள உதவிய பாத்திரம்.

இந்த உருவம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கச் சமையலறைகளில் 'ஆன்ட் ஜெமைமா' என்ற பான்கேக் மாவுப் பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த போராட்டங்களின்போதுதான், அந்தப் பெயரைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

கறுப்பினக் கலைஞர்கள் இந்த உருவத்தோடு பல காலமாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். 1972-ல் பெட்டி சார் என்ற கலைஞர், அதே ஆன்ட் ஜெமைமா பொம்மையின் ஒரு கையில் துடைப்பத்தையும் மறு கையில் துப்பாக்கியையும் கொடுத்து, 'ஜெமைமாவின் விடுதலை' என்று பெயர் வைத்தார். சிரித்த முகம் மாறவில்லை. ஆனால், இப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பயம் வரும்.

வாக்கர் போன வழி வேறு. அவர் மேமியின் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. மலை மாதிரி பெரிதாக்கினார். முன்பக்கம் பார்த்தால் ராணியைப் போல மௌனமாக, யாரையும் லட்சியம் செய்யாத முகம். பின்பக்கம் போனால் பிறப்புறுப்பு வரை தெரியும் நிர்வாணம். அடிமைப் பெண்ணிடம் எஜமானர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு. சமையலும் தாலாட்டும் ஒன்று, உடம்பு இன்னொன்று. முதலாவதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள், இரண்டாவதை மறைத்தார்கள். வாக்கர் இரண்டையும் ஒரே உடலில் வைத்து, சுற்றி நடந்து பார்க்கச் சொன்னார்.

இந்த வழி எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்க வேண்டாம். 1997-ல் வாக்கருக்கு அந்தப் பெரிய விருது அறிவிக்கப்பட்ட பிறகு, இதே பெட்டி சார் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று கலை உலகத்தினருக்குக் கடிதங்கள் எழுதினார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பழைய உருவங்களை வெள்ளையர் நிறைந்த கலை அரங்குகளில் மறுபடி உலவவிடுவது, கேலி செய்கிறவர்களுக்குத்தான் தீனி போடும் என்பது அவருடைய கவலை. 17 ஆண்டுகள் கழித்து, புரூக்ளின் ஆலையில் அந்தக் கவலை போட்டோக்களாகவே வந்து நின்றது.

உள்ளே என்ன நடந்தது?

கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே போட்டோக்கள் பரவின. போட்டோ எடுக்கத் தடை இல்லை. சொல்லப்போனால், நுழைவாயிலில் வைத்திருந்த அறிவிப்பிலேயே எந்த ஹேஷ்டேக் போட்டுப் பகிர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சிலையைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். தொடாமலேயே தொடுவது மாதிரி போட்டோ எடுக்க நம்மகிட்டதான் கேமரா கோணம் இருக்கிறதே!

நிக்கோலஸ் பவர்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர், அப்படிப் போஸ் கொடுத்தவர்களைப் பார்த்துக் கூடத்திலேயே சத்தம் போட்டார். ஏன் சத்தம் போட்டேன் என்று பிறகு ஒரு கட்டுரையும் எழுதினார். அந்தக் கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஜூன் மாதத்தில், 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்ற பெயரில், வெள்ளையரல்லாத பார்வையாளர்கள் ஒரே நாளில் கூட்டமாக வந்து பார்க்கும் நிகழ்வை ஒரு குழுவினர் நடத்தினார்கள். கோஷம் இல்லை, மறியல் இல்லை. இந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்கள் இந்தக் கூடத்தில் சிறுபான்மையாக நிற்க வேண்டாம் என்பதுதான் நோக்கம்.

வாக்கர் என்ன செய்தார்? அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாளில் பார்வையாளர்கள் சிலையோடு நடந்துகொண்ட விதத்தை வீடியோ எடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் 'ஆன் ஆடியன்ஸ்' என்ற பெயரில் நியூயார்க் கலைக்கூடத்தில் திரையிட்டார். சிலையைப் பார்க்க வந்தவர்களே காட்சிப்பொருள் ஆனார்கள். இப்படியெல்லாம் நடக்கும் என்பது தான் எதிர்பாராததல்ல என்றும் அவர் பேட்டியில் சொன்னார்.

ஒரு போஸ் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

அடிமைச் சந்தையில் ஆளை எப்படி வாங்கினார்கள் என்பது ஆவணங்களில் இருக்கிறது. வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். தசையைக் கிள்ளிப் பார்ப்பார்கள். துணியை விலக்கிச் சவுக்குத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண்களைத் தனியே அழைத்துப்போய் இன்னும் 'சோதிப்பார்கள்'. சுற்றி நிற்கிறவர்கள் கமென்ட் அடித்துச் சிரிப்பார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த போட்டோக்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். கிள்ளுவது போல விரல், தடவுவது போல கை, சுற்றிலும் சிரிப்பு. போஸ் கொடுத்த இளைஞருக்கு அந்த வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கெட்டவர் என்று சொல்லவும் முடியாது. ஆனால், சந்தையில் வாங்க வந்தவன் செய்த அதே அசைவை, 150 ஆண்டுகள் கழித்து, அதே உடலின் சிலை முன்னால், ஜாலிக்காகச் செய்துவிட்டார். பக்கத்தில் நின்ற கறுப்பினப் பெண்ணுக்கு அது ஜாலியாக இருக்க முடியாது.

இன அடையாளம் என்பது இதுதான். ஒரே சிலையைப் பார்க்கும்போது ஒருவர் 'அது' என்று பார்க்கிறார், இன்னொருவர் 'நான்' என்று பார்க்கிறார்.

சரி, தப்பு யார் மேல?

மூன்று பதில்கள் சொல்லப்பட்டன.

ஒன்று, பார்வையாளர்கள் மேல். போட்டோ எடுத்தது தப்பில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். அந்தச் சிலையை மரியாதையோடு படம் எடுத்தவர்கள் ஏராளம். பேரப்பிள்ளைகளோடு வந்து குடும்பமாக நின்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரு படைப்பைப் படம் எடுப்பது வேறு, அந்த உடலை நான் என்ன செய்ய முடியும் என்று காட்டிப் படம் எடுப்பது வேறு. இரண்டாவதுதான் பிரச்சினை.

இரண்டு, அமைப்பாளர்கள் மேல். எங்கள் பார்வையில் பெரிய பொறுப்பு இங்கேதான். பகிரச் சொல்லி வாசலில் எழுதி வைத்தவர்கள், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை அதே அளவு பெரிய எழுத்தில், அதே வாசலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆலையில் வேலை பார்த்த முன்னாள் தொழிலாளர் ஒருவர் தன்னார்வலராக நின்று பார்வையாளர்களிடம் பேசினார் என்பது நல்ல விஷயம். அப்படி 10 பேர் நின்றிருந்தால் கூடத்தின் சூழலே மாறியிருக்கும். ஹேஷ்டேக் எண்ணிக்கையை வெற்றியாக எண்ணத் தொடங்கினால், அதில் மரியாதையான படமும் ஒன்றுதான், கேவலமான படமும் ஒன்றுதான்.

மூன்று, கலைஞர் மேல். நிர்வாணமாக வடித்துவிட்டுச் சிரிக்காதே என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பார்வையாளரின் முகத்தை அம்பலப்படுத்த, காயம்பட்டவர்களின் கண் முன்னாலேயே அந்தக் காயத்தைத் திறந்து காட்டத்தான் வேண்டுமா என்ற பெட்டி சாரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், யாரும் தப்பாக நடந்துகொள்ள முடியாத அளவுக்குப் பாதுகாப்பான சிலையை வைத்திருந்தால், அடிமைமுறை 1865-லேயே முடிந்த கதை என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். முடியவில்லை என்பதை அந்த போட்டோக்கள்தான் காட்டிக்கொடுத்தன.

போட்டோ தடை தீர்வா? இல்லை. தடை போட்டால் சிரிப்பு போனில் இருந்து வாய்க்கு மாறும், அவ்வளவுதான். முன்னால் நிற்பது யாருடைய உடல் என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலானவர்களின் கை தானாகவே கீழே இறங்கும்.

நமக்கும் இந்தச் சர்க்கரையில் பங்கு உண்டு

கறுப்பின அடிமைகளின் கதை இங்கே முடிந்து, நம்ம முன்னோர்களின் கதை அதே கரும்புக் காட்டில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேற, முதலாளிகள் வேறு ஆள் தேடினார்கள். அதே 1834-ல் இருந்து மொரீஷியஸ் தோட்டங்களுக்கு இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். மதராஸில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இறங்கியவர்கள் போன இடம், நேட்டால் கரும்புத் தோட்டங்கள். 1903-ல் இருந்து தென்னிந்தியர்கள் பிஜிக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிஜித் தோட்டங்களில் வதைபட்ட நம்ம பெண்களை நினைத்து பாரதியார் பாடியது எல்லோருக்கும் தெரியும்.

அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒன்றல்ல. கூலிக்கு ஒப்பந்தம் இருந்தது, காலக்கெடு இருந்தது, பிள்ளைகள் பிறக்கும்போதே முதலாளியின் சொத்தாகவில்லை. இந்த வித்தியாசத்தை மறைப்பது நியாயமில்லை. ஆனால், ஓர் உடலை அதன் நிறத்தையும் உழைப்பையும் மட்டும் வைத்து எடைபோடும் பார்வை இரண்டிலும் இருந்தது. தமிழில் 'கூலி' என்பது உழைத்தவர் கையில் வாங்கும் காசு. காலனி ஆட்சியின் வாயிலோ 'கூலி' என்பது ஆளின் பெயரானது. தென்னாப்பிரிக்காவில் அது இந்திய வம்சாவளியினரைக் குத்தும் இனவசையாகவே மாறிப்போனது.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் 'ஆப்ரவாசி காட்' என்ற இடம் இருக்கிறது. 1834 முதல் 1920 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய தீவு அது. அவர்கள் ஏறிவந்த கற்படிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அந்தப் படிகளில், தலையில் மூட்டையோடு நிற்கும் நம்ம ஊர்ப் பெண் ஒருத்தியின் சிலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி அவள் இடுப்பைக் கிள்ளுவது போலப் போஸ் கொடுக்கிறார். நமக்கு எப்படி இருக்கும்? புரூக்ளினில் சத்தம் போட்டவருக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

2014 ஜூலையில் கண்காட்சி முடிந்ததும் சிலையைப் பிரித்தார்கள். இடது கையை மட்டும் வாக்கர் வைத்துக்கொண்டார். 2017-ல் அது கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் தனியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. சிலை இருந்த கிடங்கு இடிக்கப்பட்டது. 2018-ல் அந்த ஆற்றங்கரையில் பூங்கா திறந்தார்கள். பாதுகாக்கப்பட்ட பழைய ஆலைக் கட்டடம் 2023-ல் அலுவலக வளாகமாக மாறியது. 1999-ல் தொடங்கி 20 மாதங்கள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் நின்ற இடத்தில், இப்போது ஆட்கள் மாலையில் காற்று வாங்குகிறார்கள்.

வாக்கர் அதோடு நிற்கவில்லை. 2019-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில், 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீரூற்றை எழுப்பினார். பக்கிங்ஹாம் அரண்மனை முன்னால் இருக்கும் விக்டோரியா நினைவுச்சின்னத்தின் சாயலில், அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் கதை. பேரரசின் தலைநகரிலேயே போய்ச் சொன்னார்.

சர்க்கரைச் சிலை இன்று எங்கேயும் இல்லை. கரையும் பொருளில் செய்ததால் அது இல்லாமல்தான் போக முடியும். மிச்சம் இருப்பது, 1.3 லட்சம் பேர் எடுத்துவைத்த படங்கள். இனிமேல் அதைப் பார்க்க நினைக்கிற ஒருவர் அந்தப் படங்களின் வழியாகத்தான் பார்க்க முடியும். அவற்றில் வியந்து நிற்கும் முகங்களும் இருக்கின்றன, கிள்ளும் விரல்களும் இருக்கின்றன. அடுத்த முறை ஒரு நினைவுச்சின்னத்தின் முன் போனைத் தூக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பலகையை ஒரு நிமிடம் படித்துவிட்டு எடுங்கள். நாளைக்கு அந்த இடமே இல்லாமல் போனாலும், உங்கள் போட்டோ இருக்கும்.